லைப்ரரியைக் காணோம்! - ஒரு பிழைச் செய்தியின் கதை

1990களின் கடைசியில் சென்னையில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரு வரி சாகும்வரை மறக்காது. டர்போ சி-யில் படம் வரைய வேண்டும் என்றால் இனிட்கிராஃப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அதற்குள் சி டிரைவ், டிசி ஃபோல்டர், பிஜிஐ ஃபோல்டர் என்று ஒரு பாதையைக் கொடுக்க வேண்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. சீனியரின் ரெகார்டு நோட்டில் அப்படித்தான் இருந்தது, அப்படியே அடித்தார்கள், வட்டம் வந்தது, கார் ஓடியது, மார்க் கிடைத்தது.

சிக்கல் எப்போது வந்தது? அந்த இஎக்ஸ்இ கோப்பை ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு போய், நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டி அசத்தலாம் என்று நினைத்தபோது. திரையில் வட்டம் வராது. 'பிஜிஐ எரர்: கிராபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு' என்று ஒரு வரி வரும். கம்பைல் ஆன ப்ரோகிராம், ஒரு எழுத்துகூட மாறவில்லை, லேபில் ஓடியது, இங்கே ஓடவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. நண்பன் வீட்டில் டர்போ சி இல்லை, அல்லது டி டிரைவில் இருந்தது.

1987ல் போர்லேண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ சி, பிரிண்ட்எஃப் மாதிரியான ஃபங்ஷன்களை எல்லாம் இஎக்ஸ்இ கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடும். ஆனால் திரையில் புள்ளி வைக்கிற டிரைவரை மட்டும் வெளியே விட்டுவிடும். அன்று சிஜிஏ, இஜிஏ, விஜிஏ, ஹெர்குலிஸ் என்று ஆளுக்கொரு டிஸ்ப்ளே கார்டு. எல்லாவற்றுக்கும் உரிய டிரைவரை ஒவ்வொரு ப்ரோகிராமுக்குள்ளும் திணித்தால் 640 கேபி நினைவகம் என்ன ஆவது? அதனால் இஜிஏவிஜிஏ.பிஜிஐ என்ற தனிக் கோப்பு. ப்ரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது தேடப்படும். இருந்தால் படம், இல்லாவிட்டால் பிழை.

தீர்வு இரண்டு. பாதையைக் காலியாக விட்டுவிட்டு, அந்த பிஜிஐ கோப்பை இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் காப்பி செய்துவிடலாம். அல்லது டர்போ சி-யோடு வந்த பிஜிஐஓபிஜே என்ற கருவியால் டிரைவரை ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றி, ரெஜிஸ்டர்பிஜிஐடிரைவர் என்ற ஃபங்ஷனால் இஎக்ஸ்இ-க்குள்ளேயே சேர்த்துவிடலாம். இரண்டாவது வழியைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் வகுப்புக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஆனால் கம்பைல் ஆன ப்ரோகிராம்களின் லைப்ரரிப் பிரச்சினைக்கு இன்றுவரை சொல்லப்படுகிற எல்லாத் தீர்வுகளும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் சொந்தக்காரர்கள்தான். ஒன்று, தேடுகிற இடத்தில் பொருளைக் கொண்டுபோய் வை. இல்லையா, பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

கையோடு எடுத்துப் போவதுதான் பழைய வழக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் ஓடத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறிக்கு, அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் தனித்தனி காகித நாடாக்களில் துளையிட்டு ஒரு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வில்க்ஸ், வீலர், கில் என்ற மூவர் குழு. அந்த அலமாரிக்குத்தான் 'லைப்ரரி' என்று பெயர். சைன் கண்டுபிடிக்க வேண்டுமா, அலமாரியில் இருந்து அந்த நாடாவை எடுத்து, அதில் உள்ளதைத் தன் ப்ரோகிராம் நாடாவில் காப்பி அடித்துக்கொண்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஓடும்போது அலமாரி பூட்டியிருந்தாலும் கவலை இல்லை. இன்று ஸ்டாட்டிக் லிங்கிங் என்று சொல்வது இதைத்தான்.

அடையாறுக்குப் பக்கத்தில், சென்னை ஐஐடியில் 1973ல் ஐபிஎம் 370/155 வந்தது. அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டி, கவுன்டரில் கொடுத்துவிட்டு, காத்திருந்து பிரிண்ட்-அவுட் வாங்கிய காலம். அந்தக் குடும்பத்து ஐபிஎம் இயந்திரங்களில் ஒரு பிழை எண் பிரபலம்: 806. ஓட வேண்டிய மாட்யூலைக் குறிப்பிட்ட லைப்ரரியில் தேடினேன், கிடைக்கவில்லை என்று அர்த்தம். அட்டைக்கட்டில் லைப்ரரியின் பெயரைக் குறிக்கும் ஒரு அட்டை விடுபட்டாலோ தப்பாக இருந்தாலோ போதும். ஒரு அட்டைக்காக மறுபடியும் வரிசை! இன்று எண்டர் தட்டிய நொடியில் பிழை வருகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டுவது இவ்வளவு நிம்மதி என்றால் ஏன் அதை விட்டார்கள்?

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லெண்டிங் லைப்ரரி என்று ஒன்று உண்டு. 1955ல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியை நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெருவில் பத்து வீடு இருந்தால் பத்து வீட்டிலும் அதே தொடர்கதை பைண்டிங்கை விலை கொடுத்து வாங்கி அலமாரியை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு காப்பி போதும், பத்துப் பேரும் எடுத்துப் படிக்கலாம். காசும் மிச்சம், இடமும் மிச்சம். ஆனால் ஒரு நிபந்தனை. போகிற நேரத்தில் புத்தகம் அங்கே இருக்க வேண்டும். அதிலும் கேட்ட பாகமே இருக்க வேண்டும். இரண்டாம் பாகத்துக்குப் பதில் மூன்றாம் பாகத்தைக் கொடுத்தால் கதை புரியாது.

கணிப்பொறியில் இந்த ஏற்பாட்டை முழுமையாகச் செய்து பார்த்தது மல்டிக்ஸ். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து 1965ல் தொடங்கிய திட்டம். அதில் ஒரு ப்ரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும்போது, தேவைப்பட்ட ஃபங்ஷனை அந்த நொடியில் தேடிப் பிடித்து இணைத்துக்கொள்ளும். மல்டிக்ஸின் பாரம் தாங்காமல் வெளியே வந்த பெல் லேப்ஸ்காரர்கள் எழுதிய யூனிக்ஸ் இதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டது. சின்ன இயந்திரம், சின்ன ப்ரோகிராம்கள், எல்லாம் உள்ளேயே. பதினைந்து வருஷத்துக்கும் மேல் அப்படியே போனது.

அதைக் கெடுத்தது விண்டோக்கள்தான் (மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இல்லை, யூனிக்ஸில் வந்த ஜன்னல்கள்). ஒரு சின்னக் கடிகாரத்தைத் திரையில் காட்டும் ப்ரோகிராம்கூட, ஜன்னல் வரையும் லைப்ரரி முழுவதையும் தன் வயிற்றுக்குள் சுமக்க ஆரம்பித்தது. பத்து ஜன்னல் திறந்தால் அதே லைப்ரரிக்குப் பத்து காப்பி. சன் நிறுவனம் 1988ல் தன் சன்ஓஎஸ் 4.0ல் ஷேர்டு லைப்ரரியைக் கொண்டுவந்தது. வட்டில் ஒரு காப்பி, நினைவகத்தில் ஒரு காப்பி, எல்லா ப்ரோகிராமும் அதையே பார்க்கும். மிச்சம் பிடித்த அந்த மெகாபைட்டுகளுக்குக் கொடுத்த விலைதான் இன்று நாம் பார்க்கிற பிழைச் செய்தி. கம்பைல் ஆன ப்ரோகிராம் முழுமையான பொருளாக இல்லாமல், 'இன்ன பெயருள்ள, இன்ன பாகம் அங்கே இருக்கும்' என்ற நம்பிக்கையோடு கிளம்பும் ஒன்றாக மாறிவிட்டது.

லினக்ஸ் இந்தப் பாடத்தை இரண்டு தடவை படித்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரிக்கும் நினைவகத்தில் ஒரு நிரந்தர முகவரி ஒதுக்கினார்கள். வீட்டு வசதி வாரியம் மனை ஒதுக்குகிற மாதிரி, ஒருவர் மனையில் இன்னொருவர் வீடு கட்டிவிடாமல் பட்டியல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். லைப்ரரிகள் பெருகப் பெருக இது நடக்கிற காரியமாக இல்லை. 1995 வாக்கில் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறினார்கள். எந்த லைப்ரரியும் எந்த முகவரியிலும் உட்காரலாம். மாறிய கையோடு அடுத்த அடி. லினக்ஸ்காரர்கள் தனியாக வைத்திருந்த சி லைப்ரரியை (லிப்சி 5) விட்டுவிட்டு, குனு திட்டத்தின் க்ளிப்சி 2-க்கு, அதாவது லிப்சி 6-க்குப் போனார்கள். 1997 டிசம்பரில் வந்த ரெட் ஹேட் 5.0 அதோடுதான் வந்தது. பழைய ப்ரோகிராம் புதிய கணினியில் ஓடாது, புதியது பழையதில் ஓடாது.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு (ஐலக்சி) தொடங்கியது 1998 ஜனவரியில். அதாவது இந்தக் குழப்பம் உச்சத்தில் இருந்த சமயம்! ஐஐடி வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடிக்கொண்டிருந்த குழு பல வருஷம் நடந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் லினக்ஸ் போட வேண்டும் என்றால் பத்திரிகையோடு வந்த சிடிதான் கதி. சிடியில் இல்லாத ஒரு லைப்ரரி தேவைப்பட்டால் டயல்-அப்பில் இறக்க வேண்டும். 28.8 மோடத்தில் 5 எம்பி கோப்பு, லைன் நன்றாக இருந்தாலே அரைமணி நேரம். அப்பாவின் டெலிபோன் பில் தனி. இறக்கி முடித்தால், 'இந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி தேவை' என்று ஆர்பிஎம் சொல்லும். அதற்கு இன்னொன்று...

விண்டோஸ் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தி.நகரில் ப்ராஜெக்ட் சென்டர்கள் பெருகிய 2000ங்களின் தொடக்கத்தில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றாலே பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6, பின்னால் எம்எஸ் ஆக்சஸ். விபி 6 இஎக்ஸ்இ கோப்பு தனியாக ஓடாது. எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் என்ற கோப்பு அந்தக் கணினியில் இருந்தே ஆக வேண்டும். விபி நிறுவிய கணினியில் அது தானாக இருக்கும், அதனால் எழுதியவருக்குக் குறையே தெரியாது. வைவா அன்று எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன்னால், விபி இல்லாத விண்டோஸ் 98 கணினியில் வெறும் இஎக்ஸ்இ-யைக் காப்பி செய்து கிளிக் செய்தால்தான் தெரியும். நான்கு மாத உழைப்பு, ஒரு டிஎல்எல் இல்லாததால் சாம்பல் நிறப் பெட்டியாக நிற்கும். விபி-யோடு வந்த பேக்கேஜ் அண்ட் டிப்ளாய்மென்ட் விஸார்டை ஓட்டி, தேவையான டிஎல்எல்-களோடு செட்அப் செய்திருந்தால் இந்த அவமானம் இல்லை. அதைச் சொல்லிக்கொடுத்த சென்டர்கள் எத்தனை என்பது வேறு விஷயம். அவசரத்துக்கு ஏதோ ஒரு தளத்தில் இருந்து டிஎல்எல்-ஐ இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடும் பழக்கமும் அப்போது வளர்ந்ததுதான். வைரஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அது.

லினக்ஸில் இந்தப் பிழை வந்தால் செய்ய வேண்டியது அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் எல்டிடி என்ற கட்டளையில் ப்ரோகிராமின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த லைப்ரரியைக் கேட்கிறது, எது எங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பட்டியல் வரும். (யாரோ கொடுத்த, நம்பிக்கை இல்லாத ப்ரோகிராமில் எல்டிடி ஓட்டக் கூடாது. சில நேரம் அது ப்ரோகிராமையே ஓட்டிவிடும்.) கிடைக்காத லைப்ரரி உண்மையிலேயே கணினியில் இல்லை என்றால், அது எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று பார்த்து நிறுவ வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், பல நேரம் லைப்ரரி கணினியிலேயே இருக்கும்! மூல நிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளை கொடுத்தவர்களுக்கு லைப்ரரி யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப் டைரக்டரியில் போய் உட்கார்ந்திருக்கும். ரெட் ஹேட் வழி வந்த லினக்ஸ்கள் அந்த இடத்தில் தேடாது. மறுபடியும் லெண்டிங் லைப்ரரிதான். புத்தகம் அலமாரியில் இருக்கிறது, கார்டு எழுதவில்லை. ஈடிசி-யில் உள்ள எல்டி.எஸ்ஓ.கான்ஃப் கோப்பில் அந்த இடத்தைச் சேர்த்துவிட்டு, ரூட்டாக எல்டிகான்ஃபிக் கொடுத்தால் புது கார்டுகள் எழுதப்படும். தேடும் வழக்கமான இடங்களிலேயே இருந்தாலும், புதிதாகச் சேர்ந்த லைப்ரரிக்கு எல்டிகான்ஃபிக் ஒருமுறை ஓட்டுவது நல்லது. ரூட் அனுமதி இல்லாத கல்லூரி லேபில் எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியில் டைரக்டரியின் பெயரைக் கொடுத்து அப்போதைக்கு ஓட்டிக்கொள்ளலாம். அதையே நிரந்தரமாக பாஷ்ஆர்சி-யில் எழுதி வைப்பதுதான் தப்பு. அந்த டைரக்டரியில் உள்ள வேறு ஏதாவது பழைய லைப்ரரியை மற்ற ப்ரோகிராம்களும் எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து சம்பந்தமே இல்லாத ஒன்று படுத்துவிடும்.

பெயர் சரி, பாகம் தப்பு என்ற வகைக்கு 2004 நல்ல உதாரணம். அந்த வருஷம் ஏப்ரலில் ஜிசிசி 3.4 வந்தபோது சி++ லைப்ரரியின் எண் 5-ல் இருந்து 6 ஆனது. மூல நிரல் கையில் இருந்தவர்கள் மறுபடி கம்பைல் செய்துகொண்டார்கள். கம்பைல் செய்தே விற்கப்பட்ட ஆரக்கிள் 10ஜி, பிரவுசரில் செருகும் ஜாவா ப்ளக்-இன் போன்றவை தொடர்ந்து 5-ஐயே கேட்டன. 6-க்கு 5 என்று ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டு ஏமாற்றும் வித்தையைச் செய்யாதவர்கள் குறைவு. பிழைச் செய்தி போய்விடும், கூடவே ப்ரோகிராமும் போய்விடும். உள்ளே இருக்கும் பெயர்களும் அமைப்பும் மாறியதால்தானே எண்ணையே மாற்றினார்கள்? சரியான வழி, பழைய லைப்ரரியை அதற்கென்று வைத்திருக்கும் கம்பாட் பேக்கேஜில் இருந்து, புதியதற்குப் பக்கத்திலேயே நிறுவுவது. இரண்டும் சண்டை போடாது. எண் வைத்ததே அதற்குத்தான்.

பிழைச் செய்தியே தராத லைப்ரரிக் குறைபாடு ஒன்றையும் தமிழ் வாசகர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 2003க்குப் பிறகு யூனிகோடு தமிழில் வலைப்பதிவுகள் வந்தபோது, விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்குக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தெரிந்தது. குற்றம் எழுத்துருவில் மட்டும் இல்லை. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் யூஎஸ்பி10.டிஎல்எல் பழைய பதிப்பாக இருந்தது. விண்டோஸில் தமிழ் யூனிகோடு முதலில் முறையாக வந்தது விண்டோஸ் 2000ல்தான். எக்ஸ்பி-யில்கூட காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெட்டியில் டிக் போட்டு, சிடியைச் செருகினால்தான் கோப்புகள் வரும். லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த 2008 வரை இதே பாடுதான். அந்தப் பதிப்பில்தான் பாங்கோ லைப்ரரியின் உதவியை இயல்பாகவே எடுத்துக்கொண்டது. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரெஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அந்த வேலையை ஹார்ஃபபஸ் என்ற ஒரே லைப்ரரி செய்கிறது.

தமிழக அரசு லினக்ஸ் பக்கம் திரும்பியதும் இந்தப் பகுதியில் இருந்துதான். நந்தனத்தில் இருந்த எல்காட், உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007 ஜனவரியில் சிடாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. டெபியனின் பலமே, ஒரு பேக்கேஜுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்து, ஆப்ட் என்ற கருவி எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து சேர்ப்பது. 1998ல் ஆர்பிஎம் சிடியோடு மல்லுக்கட்டியவர்கள் கனவு கண்ட விஷயம்! ஆனால் ஆப்ட் எங்கிருந்து கொண்டுவரும்? இணையத்தில் இருந்து. இணைப்பு இல்லாத ஊரில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையின் மடிக்கணினியில் ஆப்ட் வெறும் கைதான். நகரத்துக்காரர்களுக்குத் தீர்ந்துபோன பிரச்சினை அங்கே 1998ஆகவே இருந்தது. மடிக்கணினியோடு ஒரு டிவிடியில் பேக்கேஜ்களைச் சேர்த்துக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

64 பிட் கணினிகள் வந்ததும் பிழை இன்னொரு வேஷம் போட்டது. பழைய 32 பிட் ப்ரோகிராமை ஓட்டினால், 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று ஷெல் சொல்லும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்! இல்லாதது அந்தக் கோப்பு இல்லை, அதை ஏற்றிவிட வேண்டிய 32 பிட் லோடர். டெபியனில் 2013 முதல் ஐ386 கட்டமைப்பையும் சேர்க்கச் சொல்லி, 32 பிட் லிப்சி 6-ஐ நிறுவினால் சரியாகிவிடும். எதிர்த் திசையிலும் உண்டு. உபுண்டு 22.04ல் கம்பைல் செய்ததை 20.04 உள்ள சர்வரில் போட்டால் 'க்ளிப்சி 2.34 இல்லை' என்று வரும். முன்னதில் இருப்பது 2.35, பின்னதில் 2.31. இதற்காக சர்வரின் க்ளிப்சி-யைக் கையால் மாற்றப் போனால் எல்எஸ் கட்டளைகூட ஓடாமல் போகலாம். ஓட வேண்டிய கணினிகளிலேயே பழையது எதுவோ, அதில் கம்பைல் செய்ய வேண்டும். புதியது பழையதன் ப்ரோகிராமை ஏற்கும், பழையது புதியதை ஏற்காது.

இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம் என்று பலர் எட்சாக் காலத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2009ல் வந்த கோ மொழி பெரும்பாலும் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டுகிறது. 2013ல் வந்த டாக்கர், லைப்ரரிகளை மட்டும் இல்லை, பாதி இயங்குதளத்தையே கட்டித் தூக்கிக்கொண்டு போகிறது. பத்து வீட்டிலும் பத்து காப்பி. வட்டு மலிவு என்பதால் யாரும் கேட்பதில்லை.

டர்போ சி? அதுவும் சாகவில்லை. விண்டோஸ் 7, 10ல் ஓடுவதற்காக டாஸ்பாக்ஸோடு சேர்த்துக் கட்டிய டர்போ சி++ கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் ஃபோல்டரின் பெயர் டிசி இல்லை, டர்போசி3. பழைய ரெகார்டு நோட்டைப் பார்த்து இனிட்கிராஃப் வரியை அப்படியே அடிப்பவர்களுக்கு அதே பழைய செய்தி வருகிறது: பிஜிஐ எரர், கிராபிக்ஸ் நாட் இனிஷியலைஸ்டு.